வெள்ளிக் கிண்ணத்துச் சாம்பல்

கண்டி வாவிக்கரையில் எங்கள் சங்கம் நடத்திய, பழம்பொருட்களைக் காட்டும் சிறிய நூதனசாலைக்கு ஆறு வருடம் பதிவுப் புத்தகம் எழுதினேன். அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஒரு பொய் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பதை, அந்த வருடத்து நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு நாற்பத்து நான்கு வயது. பிறந்தது யாழ்ப்பாணம், உத்தியோகம் கண்டி அரசாங்கக் கச்சேரியில். புதன்கிழமை பின்னேரமும் சனிக்கிழமை காலையும் நூதனசாலையில் இருப்பேன். சம்பளம் கிடையாது. இரண்டு அறைகள், நான்கு கண்ணாடி அலுமாரிகள். ராசா காலத்து வாள்களும் ஆசனங்களும் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. எங்களுக்கு மிஞ்சியவை வீடுகளில் புழங்கிய சாமான்கள்: பாக்குவெட்டி, சுண்ணாம்புச் செப்பு, எழுத்தாணி, பாலாடை, கை பட்டுத் தேய்ந்த துருவலை.

புத்தகத்தில் முன்பு மூன்று கட்டங்கள் இருந்தன: பொருள், ஊர், கொடுத்தவர். நான் வந்து நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘அவருக்கு எப்படி வந்தது’. அந்த நாட்களில் பெரிய வீடுகளிலும் கோயில்களிலும் களவெடுத்த பழம்பொருட்களைத் தெருவில் வைத்து வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விற்றார்கள். களவுச் சாமான் கொண்டுவருகிறவன் மூன்று கட்டம் வரைக்கும் நன்றாகப் பேசுவான். நான்காவதில் தொண்டையைச் செருமுவான். அப்படி இரண்டு பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சந்தேகப்படுவது என் வேலையின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்.

அவர் வந்தது ஒரு புதன்கிழமை, மூன்று இருபதுக்கு. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சாரம், கறுப்புக் கோட், தொப்பி. இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரு தழும்பு. கம்பளையில் பாலத்துக்குப் போகும் வழியில் புடவைக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். கோடித் துணியில் சுற்றிய ஒரு மரப்பெட்டியை என் மேசையில் வைத்தார். உள்ளே கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி, ஒரு சாணைக்கல், நாலரை அங்குல நீளத்தில் பாதி வரை பிளந்த மூங்கில் துண்டு ஒன்று, மூடியுள்ள சிறிய வெள்ளிக் கிண்ணம். கிண்ணத்தில் கொடி வேலைப்பாடு. சாதாரண வீட்டுச் சாமான் அல்ல.

“எங்கை எடுத்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“வீட்டுச் சாமான் ஐயா. பழசு.”

“ஆரின்ரை வீடு?”

“ஒரு வீடு.”

மூங்கிலைக் காட்டி, “இது என்னத்துக்குப் பாவிக்கிறது?” என்றேன்.

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். “எனக்குத் தெரியா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஐயா, எங்கட பேர் எழுத வாணாம். ஊரும் வாணாம். மகளுக்கு நாவலப்பிட்டியில கலியாணம் பேசியீக்கிது. பெருநாள் கழிஞ்சா நிக்காஹ். இந்தப் பெட்டி எங்கட எண்டு தெரிஞ்சா அது நிண்டு போகும்.”

“பெட்டிக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“நான் விக்க வரல்ல. சும்மா தாறன். கண்ணாடிக்குள்ள வெச்சிக்கோங்க. வேற ஒண்டும் கேக்க வாணாம்.”

பற்றுச்சீட்டும் வாங்காமல் போய்விட்டார். விலை கேட்காமல் வெள்ளிச் சாமான் கொடுக்கிற வியாபாரியை அதற்கு முன் நான் கண்டதில்லை. பொருளின் விவரத்தை மையில் எழுதி, மற்ற மூன்று கட்டங்களிலும் பென்சிலால் ‘விசாரணையில்’ என்று குறித்தேன்.

அளவெடுப்பதற்காகக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தபோது அடியில் சாம்பல் ஒட்டியிருந்தது. மிக மிருதுவான வெண்சாம்பல். பழக்கதோஷத்தில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டேன். பூசிய பிறகுதான் மூளை வேலை செய்தது. ஒரு முஸ்லிம் வியாபாரியின் கையில் திருநீற்றுக் கிண்ணம். அதுவும் வெள்ளியில். ஏதோவொரு கோயிலில் களவு போயிருக்கிறது என்று முடிவுகட்டினேன். ‘மகளின் கலியாணம்’ என்ற கதைக்கும் அப்போது பொருள் கிடைத்தது. களவு வெளிப்பட்டால் கலியாணம் நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். அங்குள்ள மாரியம்மன் கோயிலில் பூசை செய்யும் பண்டாரத்தை எனக்குத் தெரியும். கிண்ணத்தைக் காட்டி, இப்படி ஏதாவது காணாமல் போனதா என்று கேட்டேன். அவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னங்கய்யா, எங்க ஆத்தாவுக்கு வெள்ளியிலயா? நாங்க பிஸ்கட்டு டப்பாவுல துன்னூறு வெச்சிருக்கோம். அதையும் போன மாசம் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். அதக் கண்டுபிடிச்சுக் குடுங்க, புண்ணியமாப் போகும்.”

வேறு இரண்டு தோட்டக் கோயில்களிலும் இல்லை என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, நூதனசாலையைக் காவலாளியிடம் விட்டுவிட்டு, பெட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு கம்பளைக்கு ரயிலேறினேன்.

அங்கே எனக்குத் தெரிந்தவர் பலசரக்குக் கடை முஸ்லிம் முதலாளி ஒருவர். முந்திய வருடம் எங்களுக்கு ஒரு பித்தளைச் சுண்ணாம்புச் செப்புக் கொடுத்தவர், நல்ல பேச்சுக்காரர். கதிரை போட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி வரவழைத்தார். நான் பெட்டியைத் திறந்தேன். மூங்கில் துண்டைக் கண்டதும் அவருடைய வயிறு சிரிப்பில் குலுங்கியது.

“இத கண்டீக்கே இல்லயா ஐயா? செரிதான், ஒங்கட ஆக்களுக்கு இது தேவப்படாதே!”

“என்ன முதலாளி இது?”

“சுன்னத்து சாமான். புள்ளகளுக்கு சுன்னத்து செய்ற ஒஸ்தா மாமாட பெட்டி. மூங்கில்ல புடிச்சி, கத்தியால...” கையால் ஒரு வீச்சு வீசிக் காட்டினார். “கண்ண மூடித் தொறக்க முந்தி முடிஞ்சீக்கும். நானும் ஒரு நாள் கத்தினவன்தான்.”

“அப்ப இந்தச் சாம்பல்?”

“சீலய எரிச்சி எடுக்கிற. வெட்டின எடத்துல தடவ.”

என் கை தானாக நெற்றிக்குப் போனது. துடைப்பதுபோல இறக்கிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை என்றே நம்புகிறேன்.

“வெள்ளிக் கிண்ணம் எப்பிடி வந்தது?”

“பெரிய எடத்துல நாலஞ்சி ஆம்புளப் புள்ளகளுக்குச் செஞ்சா சந்தோஷத்துக்குக் குடுப்பாங்க. அது கெடக்கட்டும். ஆரு தந்த?”

பெயரைச் சொல்லவில்லை. பெயர் எனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் கேட்டால் சரியாகப் பதில் சொல்வது என் பழக்கம். ஐம்பது வயது, இடது புருவத்தில் தழும்பு, பாலத்து வழியில் புடவைக் கடை, நாவலப்பிட்டியில் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது என்று சொன்னேன்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டார். “அவரா? அவர்ட வாப்பா தோட்டந்தோட்டமா புடவ வித்த எண்டுதானே அவர் செல்லியீக்கி!” தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “அப்பிடியா சங்கதி” என்றார்.

நான் ரயிலில் திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது. அன்றைய நாட்குறிப்பில் ‘சந்தேகம் தீர்ந்தது. களவு அல்ல’ என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

பதினொரு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, அவர் மறுபடி வந்தார். இந்த முறை கோட் இல்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஐயா கம்பளைக்கு வந்தீங்களாம்.”

“ஓம். களவுச் சாமானோ எண்டு...”

“களவா?” அவருக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. “கேட்டீந்தா நானே செல்லியீப்பேனே, களவில்ல எண்டு.”

பிறகு நின்றபடியே சொன்னார். தகப்பன் வேறு மாகாணத்து ஊரொன்றில் நாற்பது வருடம் ஒஸ்தாவாக இருந்தவர். “பொறந்த புள்ளட தலமுடி எறக்க அவர் வேணும், சுன்னத்துக்கு அவர் வேணும். ஒஸ்தா மாமா, ஒஸ்தா மாமா எண்டு மரியாதயாத்தான் கூப்புடுவாங்க. கலியாணம் மட்டும் எங்களோட வெக்க மாட்டாங்க.” பதினாறு வயதில் கம்பளைக்கு வந்து, கடையொன்றில் நின்று, சொந்தக் கடை வைத்தவர் இவர். போன வருடம் தகப்பன் காலமானதும் தங்கை பெட்டியை அனுப்பியிருக்கிறாள்.

“வீட்டுல வெக்கவும் ஏலா. மாவலி கங்கையில வீச மனசு வரல்ல, வாப்பாட கை பட்ட சாமான். இங்க கண்ணாடிக்குள்ள மரியாதயா ஈக்கும் எண்டு நெனச்சன்.”

மீதியையும் அவரே சொன்னார். நாவலப்பிட்டிக்குக் கதை போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சனிக்கிழமை கண்டிக்கு வருகிறார், புத்தகத்தைத் தன் கண்ணால் பார்க்க. “கச்சேரி ஐயா எழுதின பொஸ்தகம், அதுல உள்ளத்த நம்புற எண்டு செல்லியீக்கி. ஏலத்துல வாங்கின சாமான் எண்டு எழுதுங்க ஐயா. மகளுக்கு ஒண்டும் தெரியா. உடுப்பெல்லாம் தச்சி முடிஞ்சி.”

“இல்லாததை எழுதேலாது” என்றேன்.

அவர் கெஞ்சவில்லை. “செரி. மொதல்ல நான் எழுத வாணாம் எண்டு மட்டுந்தான் கேட்டன். அதுவும் ஒங்களுக்கு ஏலாம போச்சி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை கச்சேரி முடிந்து நூதனசாலைக்குப் போனேன். ஐந்தே முக்காலுக்கு, பென்சில் எழுத்தை அழித்துவிட்டு மையில் எழுதினேன். ஊர்: தெரியவில்லை. கொடுத்தவர்: கம்பளை வியாபாரி ஒருவர். எப்படி வந்தது: வீட்டுச் சாமான் ஏலமொன்றில் வாங்கியது, பயன்படுத்தியவர் தெரியவில்லை. அதைப் பார்த்து விவரச் சீட்டையும் எழுதி, பெட்டிச் சாமான்களோடு அலுமாரியில் வைத்தேன்.  எழுத்து மற்ற வரிகளைப் போலவே நேராக விழுந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் சனிக்கிழமை காலை பத்தரைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடி, குடை, மெதுவான பேச்சு. அலுமாரிக்கு முன்னால் சற்று நேரம் நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“இது எங்கேந்து வந்த ஐயா? ஆரு தந்த? அவருக்கு எப்பிடிக் கெடச்ச?”

என் கட்டங்களை அதே ஒழுங்கில் கேட்டார். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார்.

“மத்ததெல்லாம் பழுத்தீக்கி. இந்த மை புதுசு போல ஈக்கே?”

“விசாரிச்சு முடிஞ்ச பிறகுதான் நான் மையிலை எழுதிறது. முன்பக்கங்களையும் பாருங்கோ.”

அவர் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பென்சில் அழித்த தடமும் அதன்மேல் மை எழுத்தும் பல இடங்களில் இருந்தன. அவை எல்லாம் உண்மையாக விசாரித்து எழுதியவை. அந்த வரிகள் இந்த ஒரு வரிக்குச் சாட்சி சொல்லின.

“கம்பளையில போய் ஐயாவே கேட்டீங்களாமே?”

“ஓம். களவுச் சாமானோ எண்டு எனக்குச் சந்தேகம். அவர் ஏலத்திலை வாங்கினவர். அவருக்கே அது என்னெண்டு தெரியாது.”

அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். “குறையா நெனக்க வாணாம் ஐயா. கலியாணம் எண்டா தேடிப் பாக்கத்தானே வேணும்.”

 நம்பினாரா, அல்லது ஊர்வாயை மூடுவதற்கு ஒரு எழுத்து வேண்டியிருந்து அது கிடைத்ததும் போதும் என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு போனார்.

பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது என்று கேள்விப்பட்டேன். கம்பளைக்காரர் அதன்பின் ஒருமுறைகூட நூதனசாலைக்கு வரவில்லை. ஆரம்பத்தில் புதன்கிழமைகளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்தால் அந்தச் சீட்டை வாசிப்பார். நாற்பது வருடம் அந்தக் கத்தியைப் பிடித்த அவருடைய தகப்பன் ‘தெரியவில்லை’ என்று அதில் இருக்கிறார். அதனால்தான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு மற்ற வரிகளிலும் நம்பிக்கை குறைந்தது. பாட்டனுக்கு ராசா கொடுத்தது, கொள்ளுப்பாட்டி சீதனமாகக் கொண்டுவந்தது என்று நான் நேர்த்தியாக எழுதிய நான்காம் கட்டங்களை ஒவ்வொன்றாக மறுபடி வாசித்தேன். தொண்டையைச் செருமாமல் பதில் சொன்னவர்கள் எத்தனை பேர், யார் யாரை மறைத்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால் முடிவில்லை. அடுத்த வருடம் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முந்திய சனிக்கிழமை ஓர் உபாத்தியாயர் வந்திருந்தார். பழைய வீட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதாகச் சொன்னார். அலுமாரிக்கு அலுமாரி நின்று சீட்டுகளைக் கொப்பியில் பார்த்தெழுதினார். மூங்கில் துண்டுக்கு முன்னால் வந்ததும் நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

“இது சரியான தகவல்தானே ஐயா?”

“ஓம்” என்றேன்.

அவர் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு அடுத்த அலுமாரிக்குப் போனார்.