சுற்றாமல் கொட்டிய ஆரத்தி

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரண்டே பேச்சுதான் இருந்தது. ஒன்று தொழிற்சங்கக் கிளைத் தேர்தல், மற்றொன்று கால்பந்து. பால் வெட்டப் போகும்போது தேர்தலைப் பேசுவார்கள், திரும்பி வரும்போது பந்தைப் பேசுவார்கள். மழை பெய்து வேலை இல்லாமல் போனால் இரண்டையும் சேர்த்துப் பேசி அடித்துக்கொள்வார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஆள் இருந்ததால், பள்ளிக்கூடத்தில் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன். கிளைத் தலைவர் பதவிக்கு அப்பா நின்றார். தோட்டத்துக் குழுவில் சித்தப்பா கோல்கீப்பர்.

சித்தப்பாவை வளர்த்தது அப்பாதான். அவருக்கு, தோட்டத்து வீட்டு வரிசைகளில் முதல் லயத்தில் இருந்த ஒரு அக்காவைப் பேசி முடித்ததும் அப்பாதான். வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு பார்த்தால், அந்த அக்காவின் அப்பாவே எங்கள் அப்பாவை எதிர்த்துத் தேர்தலில் நின்றுவிட்டார். கல்யாணம் வேறு, சங்கம் வேறு என்று இருவரும் ஊரறியச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அப்படியே நம்பினேன்.

சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வருடா வருடம் மோதிக்கொண்டது ஒரு பழைய வெள்ளிக் கோப்பைக்காக. கித்தா என்கிற ரப்பர் மரம் வருவதற்கு முன்னால், இங்கே காப்பி பயிரிட்ட வெள்ளைக்காரத் துரைகள் தங்களுக்குள் மட்டைப்பந்து ஆடுவதற்காகச் செய்துகொண்டது அது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் என்று வருடமும் துரைமார் பெயர்களும் அதில் வெட்டியிருக்கும். கூட்டத்துக்குக் கூட்டம் அப்பா அந்தக் கோப்பையை இழுக்காமல் விடமாட்டார்.

“நம்ம பாட்டன் காட்டை அழிச்சிக் காய்ச்சல்ல செத்துக்கிட்டு இருந்தப்ப, இவனுங்க பந்து அடிச்சிக் கப்பு வாங்கியிருக்கானுங்க. அந்தக் கப்புக்குத்தான் நாம இன்னைக்கும் பல்லை இளிக்கிறோம்!”

எல்லாரும் கை தட்டுவார்கள். தட்டி முடித்ததும், அப்பா உட்பட எல்லாரும் சித்தப்பா பயிற்சி எடுப்பதைப் பார்க்கத் திடலுக்குப் போவார்கள்.

இறுதி ஆட்டம் தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, டவுன் திடலில் நடந்தது. கடைசிப் பெனால்டியைச் சித்தப்பா பாய்ந்து தடுத்தார் என்ற செய்தி, ஆட்களை ஏற்றிவந்த லோரிக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்துவிட்டு வருகிறவர்கள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கோப்பையைத் தூக்கி வருகிறவன் வீட்டுக்குத்தான் முதலில் போகவேண்டும். முதல் ஆரத்தி அங்கேதான். அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டோடு வாசலில் நின்றார். சித்தப்பா நெற்றியில் பொட்டு வைப்பது என் வேலை. அதற்காகவே நகம் வெட்டி, கை கழுவி, எதையும் தொடாமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா புதுச் சட்டையில் இருந்தார். பல்லை இளிக்கவில்லை, ஆனால் கிட்டத்தட்ட இளிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

கோயிலிலிருந்து வருகிற வழியில் முதல் லயம்தான் முன்னால் வரும். பையன்களுக்குக் கொண்டாட்டம் மண்டைக்கு ஏறியிருந்தது. சித்தப்பாவைக் கோப்பையோடு தோளில் தூக்கிக்கொண்டுபோய், கட்டிக்கப்போகிற பெண்ணின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். வெறும் கேலிதான். சித்தப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியது எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. அந்த அக்காவின் அம்மா விடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மருமகனுக்கு நாங்க எடுக்கக் கூடாதா லா?” என்று அவர் சொன்னதும் ஒரே விசில். ஆரத்தி சுற்றி, பொட்டும் வைத்தாயிற்று.

கூட்டத்தில் யாரோ ஒருவர், “தம்பி ஓட்டே அந்தப் பக்கம் போயிருச்சிப்பா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன்.

ஓட்டமும் நடையுமாகச் சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். “அண்ணி, எடுங்க அண்ணி” என்று மூச்சு வாங்கினார். நெற்றியில் இருந்த பொட்டை வழியிலேயே அழித்திருந்தார், சிவப்புக் கறை புருவம் வரைக்கும் இழுபட்டிருந்தது. அம்மா தட்டை உயர்த்தினார். அப்பா அதை அம்மா கையிலிருந்து வாங்கினார். அவரே சுற்றப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தட்டைச் சாய்த்து, அத்தனையும் சித்தப்பாவின் காலடியில் கொட்டினார்.

சுற்றாமல் ஆரத்தியைக் கொட்டி நான் பார்த்ததே இல்லை. எங்கள் அப்பாவா இது என்று இருந்தது.

“இந்த வூட்டுலேருந்து யாரும் வெளையாடப் போகல” என்றார் அப்பா. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சித்தப்பா கோப்பையை மெல்ல வாசற்படியில் வைத்தார். தூக்கிப் பிடித்திருந்த என் விரலைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். சிமெண்டில் ஓடிய சிவப்புத் தண்ணீரைத் தொட்டு நான் கோப்பையில் ஒரு பொட்டு வைத்தேன். யாருக்காவது வைத்துத்தானே ஆகவேண்டும்? அது ஏதோ ஒரு துரையின் பெயர்மேல் விழுந்தது.

மறுநாள் காலையில் எழுந்தபோது சித்தப்பாவின் பையும் பூட்ஸும் இல்லை. அப்பா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். துண்டின் நுனியை நனைத்து என் பொட்டைத் துடைத்தார். எழுத்துகளின் இடுக்கில் இருந்த சிவப்பைக்கூட விடாமல், நோகாமல் துடைத்தார். பிறகு கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. கோப்பையை அவ்வளவு பதமாகத் துடைக்கிறவருக்கு இனி என்ன கோபம் இருக்கப்போகிறது? அன்று சாயங்காலம் நானே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தட்டோடு வாசலில் போய் உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்த அப்பா என்னைத் தாண்டி உள்ளே போனார். இருட்டிய பிறகும் அம்மா தட்டை வாங்கவில்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் இல்லை. அம்மாவும் என்னைப்போலவே சித்தப்பாவை எதிர்பார்க்கிறார் என்றுதான் அன்று நான் நினைத்துக்கொண்டேன்.