லயமே பிச்சைக்குப் போன சனிக்கிழமை

மண்டபம் முகாமில் எங்கள் கொட்டகைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. என் மகளுக்குக் கண் திறக்கவே முடியவில்லை. இலங்கையிலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்தோம், எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்றுகூடத் தெரியாது. அப்போது ஒரு தாய் ‘கோவிந்தா’ என்று கும்பிட்டு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் புரட்டாசிச் சனிக்கிழமை நாமம் போட்டு, வீடு வீடாக அரிசிப் பிச்சை வாங்கி, பெருமாள் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். நாங்களும் வார்த்தை மாறாமல் அதையே நேர்ந்துகொண்டோம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சொந்தமாக எதையாவது சொல்லித் தப்பாகிவிடுமோ என்று பயம்.

பிள்ளைகள் பிழைத்தார்கள். எங்களை மொத்தமாகக் குன்னூருக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தில், முதுகோடு முதுகாக இரண்டு வரிசையில் ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களில் குடிவைத்தார்கள்.

புரட்டாசி வந்தது. காரமடை ரங்கநாதர் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. விடிந்ததும் நாமம் போட்டு, மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போட்டு, சொம்போடு பின்வரிசைக் காம்பரா ஒன்றின் முன் நின்று “கோவிந்தா!” என்றேன். கதவில் பூட்டு. அடுத்ததிலும் பூட்டு. என்னை விட்டுவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்களோ என்று மகளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். லயத்துக் கோடியில் திரும்பினால், அத்தனை பேரும் நாமமும் சொம்புமாக எதிரே வருகிறார்கள்.

“நீ எங்கடி போன? ஒன் வாசல்லதான் இம்புட்டு நேரம் கோவிந்தா போட்டோம்!”

“நானும் பிச்சைக்குத்தான்க்கா வந்தேன்.”

“அப்ப அரிசி போடுறது யாரு? தோட்டத்துத் தொரையா?”

“தொரை நாயத்தான் அவுத்து வுடுவாரு.”

சுற்றிலும் தேயிலை. அடுத்த ஊருக்கு நடந்து போய்த் திரும்பினால் பஸ் போய்விடும். சொந்த அரிசியைக் கொண்டுபோனால் அது பிச்சை ஆகாது. நேர்த்தி தவறினால் காய்ச்சல் திரும்பிவிடுமே. மகளின் நெற்றியைத் தொட்டேன். நாமம்தான் கையோடு வந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார்: “பாதிப் பேரு உள்ள போயி வீட்டுக்காரவுகளா இருங்க. பாதிப் பேரு கேளுங்க. அப்புறம் மாத்திக்கங்க.”

உள்ளே போனவர்களுக்கு அந்த நிமிஷமே வீட்டுக்கார மிடுக்கு வந்துவிட்டது. நாமம் போட்ட நெற்றியோடு வாசலில் நின்று மூன்றாம் காம்பராக்காரி என்னை அதட்டினாள்.

“கை காலு நல்லாத்தானே இருக்கு? போயி கொழுந்து எடுத்துப் பொழைக்கிறது!”

“அக்கா, பஸ் போயிரும்க்கா.”

“அடுத்த வீடு பாரு.”

கெஞ்சிய பிறகுதான் ஒரு பிடி விழுந்தது. என் முறை வந்தபோது அவளைத் திட்ட எனக்கு ஆசைதான். பெருமாள் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று இரண்டு பிடியாகவே போட்டேன்.

பஸ்ஸில் வேறு கவலை பிடித்தது. எல்லாமே ஒரே ரேஷன் கடை அரிசி. நான் போட்டதே கைமாறி என் சொம்புக்குத் திரும்பியிருந்தால்?

“பெருமாளு என்ன, மோந்தா பாக்கப்போறாரு?” என்றார் வீட்டுக்காரர்.

கோயிலில் கொட்டினோம். திரும்பும்போது நல்ல மழை. மறுநாள் காலையில் மகளின் நெற்றியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அவள் என் கையைத் தள்ளிவிட்டு, “ஒங் கைதாம்மா சுடுது” என்றாள்.

எனக்குக் காய்ச்சல்.

வீட்டுக்காரர் சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தார். “ஒனக்குன்னு யாரும் நேர்ந்துக்கிடலயே, புள்ள” என்றார்.

நேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம், டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போங்க என்றேன்.