பயிற்சியாளரின் பதினொரு ஆட்டங்கள்

அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளி, சனிக்கு மாறியது 2006இல். என் மகள் டென்னிஸ் மட்டையைப் பிடித்ததும் அதே ஆண்டு. சார்ஜாவில் எங்கள் பிளாட்டுக்கு அருகே இருந்த கிளப்பில் ஒரு ரஷ்யப் பெண் பயிற்சி கொடுத்தார். சர்வதேசப் போட்டிகளில் ஆடி, முழங்கால் பழுதானதும் விலகியவர்.

அவர் யார் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். வளைகுடாவுக்கு வந்த நாள் முதல் நாளிதழ்களின் டென்னிஸ் முடிவுகளைக் கத்தரித்து, தேதியிட்டு நோட்டில் ஒட்டிவருகிறேன். பொடி எழுத்தில் வரும் முதல் சுற்று முடிவுகளையும் விடுவதில்லை. நோட்டுகளில் அவருடைய ஆட்டங்கள் பதினொன்று இருந்தன. அதில் ஒன்றில், தரவரிசையில் முன்னணியில் இருந்த ஒருவரையே வென்றிருந்தார். மைதான ஓரம் காத்திருக்கும் அம்மாக்களிடம் இதைச் சொன்னேன். ஒரே மாதத்தில் அவர் வகுப்பில் இடமில்லை. துபாயின் தேரா கடைவீதியில் ரஷ்ய எழுத்தில் பலகை மாட்டிய கடைக்காரர்கள்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள்.

அடுத்த ஆண்டு கிளப் கைமாறியது. பயிற்சியாளர் எல்லோரும் அட்டெஸ்ட் செய்த சான்றிதழ் தரவேண்டும், இல்லையென்றால் விசா புதுப்பிக்கமாட்டேன் என்றார் புது முதலாளி. ரஷ்யக்காரியிடம் இருந்தது சில கோப்பைகளும் தழும்பேறிய முழங்காலும்தான். விசா முடிய மூன்று வாரம் இருந்தது.

கிளப் மேலாளர் திருநெல்வேலிக்காரர். ரஷ்யக்காரி ஆடிய ஆட்டங்கள் போதாதா என்று அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இங்க சீல் குத்தலைன்னா நமக்குக் கல்யாணம் ஆனதையே நம்ப மாட்டாங்க" என்றார். ஆனால், அனுபவத்துக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் முதலாளியிடம் பேசிப்பார்ப்பதாகவும் சொன்னார்.

என் நோட்டுகள் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணுக்குகளை நகலெடுத்து, மேலே ஒரு பட்டியல் தட்டச்சு செய்து, ரஷ்யக்காரியிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தவர் என் பேனாவை வாங்கி அந்தப் பெரிய வெற்றி இருந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

"நான் ஜெயிக்கவில்லை. அவள் ஆட வரவில்லை" என்றார். எதிராளிக்குக் கணுக்கால் வலியாம்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அந்த முடிவு வந்திருக்கவேண்டிய நாள் ஈத் விடுமுறை; கீழ்க்கடை மூடியிருந்ததால் அன்றைய பத்திரிகை என்னிடம் இல்லை. மறுநாள் வந்த இரண்டாம் சுற்றுப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்து 'வென்றார்' என்று நானே எழுதியிருக்கிறேன். தேதி சரி, செய்தி தவறு.

அந்த வரி போனால் கோப்பில் ஒன்றும் மிஞ்சாது, அப்படியே இருக்கவிடச் சொல்லுங்கள் என்று மேலாளர் என்னிடம் கெஞ்சினார். ரஷ்யக்காரி கேட்கவில்லை. அடித்த கோட்டோடுதான் கோப்பு முதலாளியிடம் போனது.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: அடித்த இடத்தில் கையெழுத்து எங்கே? தனக்கு எதிராகத் தானே திருத்துகிறவர் அடிக்காமல் விட்ட மற்ற பத்து ஆட்டங்களை யார் சந்தேகிப்பார்கள் என்று மேலாளரிடம் சொன்னாராம். கோட்டுக்குப் பக்கத்தில் ரஷ்யக்காரியும் நானும் கையெழுத்துப் போட்டோம். விசா புதுப்பிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை மைதான ஓரத்தில் அம்மாக்களிடம் என் பிழையைச் சொன்னேன்.

"அப்ப, இவங்களுக்குப் பயந்துதான் அவ வரலையா?" என்றார் ஒருவர்.

கணுக்கால் வலி என்று விளக்கினேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ரஷ்யக்காரியிடம் சேர வந்த கூட்டத்துக்காக அடுத்த மாதம் இன்னொரு வகுப்பு தொடங்கினார்கள்.