ஆறாவது விலா எலும்பு வரை

எக்ஸ்ரே எடுக்கும் அந்த மனிதருக்கு எங்கள் தெருவில் ‘மூச்சுப்பிடி’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரே அறையில் நின்று, “மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடலாம்” என்று சொல்லிச் சொல்லியே சம்பாதித்த பெயர். டீக்கடையில் யாராவது நிறுத்தாமல் அளந்துகொண்டிருந்தால், “போதும், மூச்சு விடுங்க” என்பார்.

அவருடைய இன்னொரு வாக்கியம் “டாக்டர் சொல்வாரு.” படத்தில் எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டமாட்டார். நோயாளி கேட்டால் அந்த இரண்டு வார்த்தைதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, மனைவியோடு என் கடைக்கு வந்தார். பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருவது என் தொழில். பழைய துண்டில் சுற்றிய டிஸ்க்கை மேசையில் வைத்தார்.

“தம்பி, இதுல ஒரு படம் இருக்கு. அது மட்டும் போதும்.”

“யாரோட படம்ணே?”

“என்னோடதுதான். நெஞ்சுப் படம்.”

ஒரு மாதமாக விடாத இருமல். தன் மெஷின் முன்னால் தானே போய் நின்றிருக்கிறார். வலது நுரையீரலில், எட்டாவது விலா எலும்புக்கு அருகில், பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஸ்கேனும் எடுத்தாயிற்று. சதை எடுத்துச் சோதிக்க ஊசி எட்டாத இடமாம். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார்: பழைய படம் ஏதாவது இருக்கிறதா? அதிலும் இதே புள்ளி இதே அளவில் இருந்தால் பயமில்லை, விட்டுவிடலாம். இல்லையென்றால் வியாழக்கிழமை அறுத்து எடுத்தாக வேண்டும்.

பழைய படம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் அந்த மெஷின் புதிதாக வந்தபோது, சோதித்துப் பார்க்க முதல் ஆளாக நின்றவர் அவர்தான். ஃபிலிம் வீணாகுமென்று பிரிண்ட் போடவில்லை. கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தார்.

“ரெண்டு காப்பி வெச்சிருந்தேன் தம்பி. டி டிரைவ்ல ஒண்ணு, ஈ டிரைவ்ல ஒண்ணு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னு.”

டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “அண்ணே, அது ரெண்டும் இந்த ஒரே டிஸ்க்குதான். ஒரு வீட்ல ரெண்டு ரூம் மாதிரி. வீடே இடிஞ்சா...”

“கதவுக்கு ரெண்டு பூட்டு போட்டுட்டு, ரெண்டு சாவியையும் ஒரே கொத்துல கோக்கிற ஆளு தம்பி இவரு” என்றார் அவர் மனைவி. சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

“டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வந்த பிறகு எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு அஞ்சாறு தடவை.”

“இன்னிக்குக் காலைல மட்டும் அஞ்சாறு” என்றார் மனைவி.

டிஸ்க்கைத் திறந்தேன். உள்ளே கண்ணாடி போலிருக்க வேண்டிய தட்டில் நகத்தால் கீறியதுபோல் ஒரு வளையம். தகவலைப் படிக்கும் முனை உடைந்துபோய், ஒவ்வொரு முறை ஆன் செய்தபோதும் தட்டைச் சுரண்டியிருக்கிறது. அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் முனையைக் கழற்றி இதில் பொருத்த இரண்டு நாள் ஆனது. ஒருமுறை ஓடும். இரண்டாம் முறைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

புதன் மதியம் இருவரும் வந்தார்கள். மனைவி என் சுவரைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டியிருக்கிறேன்.

“படிச்சவங்க நீங்க. எடுத்துருவீங்க” என்றார்.

அன்றைக்கு மட்டும் அதைத் திருப்பி மாட்டியிருக்கலாமென்று தோன்றியது.

அவர் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரத்தில் மனைவி சொன்னார்: “ஒரு வாரமா சாப்பாடே இறங்கல. கேட்டா, ‘எனக்கென்ன, நல்லாதான் இருக்கேன்’னு என்கிட்டயே நடிக்கிறாரு.”

டிஸ்க்கை ஓடவிட்டேன். முதலில் சீரான இரைச்சல். டி டிரைவில் இருந்த படம் முழுக்க அந்தக் கீறலுக்குள் போயிருந்தது. ஈ டிரைவில் இருந்தது வந்தது. மேலிருந்து கீழாக, வரிவரியாக. கழுத்து. தோள்பட்டை எலும்புகள். கொஞ்சம் நின்று, மறுபடி வரி.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, திரையில் விரல் வைத்து விலா எலும்புகளை எண்ண ஆரம்பித்தார். “ஒண்ணு. ரெண்டு.” வேலை பார்க்கும் குரல். “மூணு. நாலு.” நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் பத்து நிமிடம் ஆனது. மனைவி திரையைப் பார்க்கவில்லை. அவர் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறு.”

டிக் என்றது. பிறகு டிக், டிக். நான் கரண்ட்டை நிறுத்துவதற்குள் இன்னும் நான்கு முறை. திரையில் ஆறாவது எலும்புக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். வயிறு வரைக்கும் சாம்பல். எட்டாவது எலும்பு அதற்குள் எங்கேயோ இருந்தது.

டிஸ்க் ஆறியதும் இன்னொரு முறை முயன்றேன். சத்தம்கூட வரவில்லை.

“தம்பி” என்றார். திரும்பினேன். “மூச்சை விடு. படம் எடுத்தாச்சு.”

அப்போதுதான் தெரிந்தது, நான் பிடித்துவைத்திருந்தேன் என்று.

மனைவி மேசையிலிருந்த துண்டை எடுத்து உதறி மடித்தார். மடித்ததையே பிரித்து இன்னொரு முறை மடித்தார்.

“ஏங்க, கீழ தெரியலைன்னாதான் என்ன? அந்தப் புள்ளி அப்பவே இருந்திருக்கும்ல?”

அவர் அந்தச் சாம்பல் நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“டாக்டர் சொல்வாரு” என்றார்.