மறுநாளுக்கு மாவு பிசையாத மணி

மணியின் சட்டுவத்தைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடையிலிருந்து சுங்கை பினாங்கிலுள்ள என் அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில்.

பல ஊரில் பல கடை பார்த்தவன் நான். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுகிறவன் தன் சட்டுவத்தை அடுத்தவன் தொட விடமாட்டான். ஜார்ஜ் டவுனில் அந்தக் கடையில் மணிக்கு ரொட்டிக் கல், எனக்குத் தே, அதாவது டீ, ஆற்றும் வேலை. அவன் என்னைவிட இளையவன், என்னைப் போலவே பள்ளியைப் பாதியில் விட்டவன். ஆனால் வருகிறவர்கள் எல்லாம், "மணி, ரெண்டு ரொட்டி!" என்றுதான் உள்ளே நுழைவார்கள். என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நான் 'தே அண்ணே'. வயிறு எரியும்.

அன்று மதியம் கடையை மூடிக் கழுவியதும் அவனே சட்டுவத்தை நீட்டினான்.

"நீங்களே வச்சுக்குங்கண்ணே. இதைத்தானே பார்த்துக்கிட்டே இருப்பீங்க."

"கிண்டலா?"

"இல்லலா. எடுத்துக்குங்க."

பெரிய கடை எதிலோ வேலை கிடைத்துவிட்ட திமிர் என்று நினைத்தேன். அதற்கும் எரிந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. வேறு கடைக்குப் போகிறவன் சட்டுவத்தையும் கொண்டுபோவான். அதோடு, மறுநாள் ரொட்டிக்கு முதல் நாளே மாவு பிசைந்து உருட்டி ஊறவைக்க வேண்டும். காய்ச்சலிலும் மணி அதை விட்டதில்லை. அன்று மாவுச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. கொஞ்ச நாளாக அவன் பாடுவதில்லை, சாப்பிடுவதில்லை. பொறாமைக்காரன் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது. பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தேன்.

திரும்பி ஓடினேன். கடையின் பின்னால் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான்.

"மணி, சாகலாம்னு நினைக்கிறியா?"

சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது.

"ஆமாண்ணே. தூக்கமே இல்ல. காலையில எழும்பவே பயமா இருக்கு."

நான் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "யாரக் கூப்பிடட்டும்?"

"அக்காவ. வேணாம், வேலையில இருக்கும்."

"இருக்கட்டும்லா. நம்பரக் குடு."

அக்கா கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரிலுள்ள ஃபேக்டரியிலிருந்து யூனிபார்மோடு ஓடிவந்தாள். அதுவரை நான் அவனை விட்டு நகரவில்லை. மூவரும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனோம். டாக்டர் அவனோடு தனியாகப் பேசி, வார்டில் சேர்த்தார். அக்கா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அங்கேயும் எனக்கு வயிறு எரிந்தது. எனக்கு ஒன்று என்றால் கூப்பிட அப்படி ஒரு நம்பர் இல்லை.

கடைக்குத் திரும்பி, மாவு பிசைந்து வைத்தேன்.

கடை வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். ஒருவன் உயிராய் வைத்திருந்ததைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். தனியாக விடாதீர்கள்.

மறுநாள் காலை முதலாளி, "இனிமே கல்லு உனக்குத்தான்" என்றார்.

"அவன் வர்ற வரைக்கும் நிக்கிறேன், முதலாளி."

மணியின் சட்டுவத்தைத் துண்டோடு அலமாரியில் வைத்துவிட்டு, கடைச் சட்டுவத்தை எடுத்தேன். முதல் ரொட்டி வீசும்போதே கிழிந்தது.

"மணி எங்கலா?" என்றார் முதலில் வந்தவர்.

"லீவு. வந்துடுவான்."