வீங்கிய முகமும் ஒரு வேதியியல் வகுப்பும்

இரண்டு வருடங்களுக்கு முன், காரைக்காலில் மாங்கனித் திருவிழா முடிந்து கடை போட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் நடந்தது இது. போலகத்தில் இருக்கும் எனக்கு, டவுனில் உள்ள ஒரு தனியார் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. பத்தாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்க ஆள் தேவை, புதன்கிழமை வந்து ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்கள் என்றார்கள்.

நான் எம்.எஸ்சி. வேதியியல். கல்யாணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவள். பிறகு பிள்ளைகள், மாமியாரின் வைத்தியம் என்று வீட்டோடு தங்கிவிட்டேன். பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிகளுக்குப் போன பிறகு நான் விண்ணப்பம் போடாத பள்ளி இல்லை. “இத்தனை வருஷம் கேப் விழுந்திருக்கே” என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். இதையும் விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

கண்ணாடியில் பார்த்தால் முன்தலை முழுக்க வெள்ளை. ரிட்டயர் ஆன டீச்சரைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று மாணவர்கள் நினைத்துவிட்டால்?

எங்கள் வீட்டில் சாயம் போடுவது புருஷன், பெண்டாட்டி இருவரும் சேர்ந்து செய்யும் வேலை. தெருமுனைக் கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்து வாங்கி வருவேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை போடும் இடத்தில் வேலை பார்க்கும் என் கணவர், பழைய டூத் பிரஷ்ஷால் மீசைக்குக் கொஞ்சம் தொட்டுக்கொள்வார். மிச்சம் என் தலைக்கு. முதலில் கையில் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கவும் என்று பாக்கெட்டின் பின்னால் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கும். அதை யார் படித்தது? போதாததற்கு, கடலோரம் என்பதால் எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீருக்குச் சாயம் சரியாகப் பிடிக்காது, அதனால் கூடுதல் நேரம் ஊறவிட வேண்டும் என்பது எங்கள் தெருப் பெண்கள் ஏகமனதாக ஒப்புக்கொண்ட விஞ்ஞானம். எம்.எஸ்சி. படித்த நானும் அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் காதோரம் அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை விஷயமாயிற்றே, நன்றாகப் பிடிக்கட்டும் என்று சமையல் முடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவும்வரை தலையில் வைத்திருந்தேன். மறுநாள் மண்டையெல்லாம் எரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் பணியாரம் போல உப்பியிருந்தன. டீயோடு வந்த கணவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“நீதானா?”

“இல்லீங்க, பக்கத்து வீட்டுக்காரி” என்றேன். அந்த நிலையிலும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் ஊசி போட்டார்.

“பத்து வருஷமா இதத்தான் போடுறேன் டாக்டர். ஒண்ணும் பண்ணினதில்ல.”

“காதுல அரிச்சுதுன்னு சொன்னீங்களே, அது என்னவாம்? உடம்பு அப்பவே சொல்லியிருக்கு, நீங்க கேக்கல. நல்லவேளை, மூச்சுத் திணறல் வரல.”

இனி ஆயுசுக்கும் தலைச்சாயம் தொடக் கூடாது, கறுப்பு மெஹந்தியும் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மலிவு மலிவு என்று வாங்கியதன் செலவு ஊசி, மாத்திரை, களிம்பு, கறை போகாத தலையணை உறை என்று வளர்ந்துகொண்டே போனது. வேலையையும் சேர்த்துப் பறித்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

“ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணி உடம்பு சரியில்லன்னு சொல்லிடவா?” என்று கேட்டார் கணவர். வியாழக்கிழமை இன்னொருவர் வருகிறார் என்று பள்ளியிலேயே சொல்லியிருந்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? “நீங்க காலையில வண்டிய எடுங்க, அது போதும்” என்றேன்.

புதன்கிழமை கண் கீற்றாகத் திறந்திருந்தது. நெற்றியில் கறுப்புக் கறை, காதோரம் புண். என்னைப் பார்த்த தலைமை ஆசிரியை திடுக்கிட்டு எழுந்தேவிட்டார். “உடம்புக்கு முடியலன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்மா” என்றார். “வேணாங்க மேடம், இன்னைக்கே எடுக்குறேன்” என்றேன்.

எனக்குக் கொடுத்திருந்த பாடம் ஆக்சிஜனேற்றம். எல்லா டீச்சரையும் போல ஒரு துருப்பிடித்த ஆணியைக் கைப்பையில் வைத்திருந்தேன். வகுப்பில் நுழைந்ததும் பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது. என் காது சூடாகிவிட்டது. ஆணியை எடுக்கப் போன கையை வெளியே எடுத்தேன்.

“சிரிச்சது போதும். என் மூஞ்சிக்கு என்ன ஆச்சு, யாராவது சொல்லுங்க பாப்போம்!”

“தேனீ கொட்டிருச்சா மிஸ்?”

“பல்லு வலியா மிஸ்?”

“இல்ல. ஆக்சிஜனேற்றம்!”

பின்பெஞ்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கிண்ணத்தில் கரைக்கும்போது வெளிறி இருக்கும் சாயம், ஆக்சிஜனோடு சேர்ந்ததும் எப்படிக் கறுக்கிறது என்று போர்டில் எழுதினேன். முடிக்குள் நடக்க வேண்டிய அந்த வினையில் பங்கெடுக்கும் ரசாயனம் தோலுக்குள் இறங்கினால் உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போவதையும், பல வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் பொங்குவதையும் சொன்னேன். பாக்கெட்டைப் படிக்காத எம்.எஸ்சி. நான்தான் என்று சொன்னபோது ஓவென்று சிரித்தார்கள். இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போது முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாகக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் மருதாணிக் கோலம், அதன் கோட்டிலேயே கொப்புளங்கள். “திருவிழாக் கடையில கறுப்பு மெஹந்தி கோன் போட்டேன் மிஸ். அம்மா திட்டுவாங்கன்னு சொல்லல. இதுவும் அதுதானா?”

“அதேதாம்மா. கறுப்பாத் தெரியணும்னு அதுலயும் இதே ரசாயனத்தைக் கலக்குறாங்க. இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லி டாக்டர்ட்ட காட்டணும்” என்றேன். உடனே அவளைச் சுற்றிப் பத்துக் கேள்விகள். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ வருஷமாக எனக்குள்ளிருந்து எங்கோ போயிருந்த டீச்சர் திரும்பி வந்துவிட்டாள் என்று அந்த நிமிடம் தெரிந்தது. கத்த வேண்டும் போல அவ்வளவு சந்தோஷம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்த தலைமை ஆசிரியை வெளியே வந்தார். “வீக்கம் வத்துனதும் திங்கக்கிழமை சேந்துடுறீங்களா?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “அது என்ன பாக்கெட்டுன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். அவர் கை தானாகத் தன் கருகருவென்ற கொண்டைக்குப் போனது.

இப்போது என் தலை பாதிக்கு மேல் வெள்ளை. பயந்துபோன கணவரும் மீசையை வெளுக்க விட்டுவிட்டார். அவருக்கு அது நன்றாகவே இருக்கிறது. அந்தத் துருப்பிடித்த ஆணி இன்னும் கைப்பையில் சும்மா கிடக்கிறது. வருஷா வருஷம் ஆக்சிஜனேற்றம் பாடம் வரும்போது என் தலையைக் காட்டித்தான் ஆரம்பிக்கிறேன். எதை மறைத்தால்தான் வேலை கிடைக்கும் என்று நினைத்தேனோ, அதையே காட்டிச் சம்பாதிக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்கிறது.