முகம் திருத்தும் சொப்ட்வெயார் வாங்கிய கதை

ஸ்டூடியோ தொழிலில் படம் பிடிக்கப் பழகிவிடலாம்; பிடித்த படத்தைக் கொம்பியூட்டரில் எதுவரைக்கும் திருத்தலாம் என்பதுதான் லேசில் பிடிபடாது. இதைச் சரியாகச் சொல்வேனா என்றே பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதையாவது மாற்றிச் சொல்லி, அதை நம்பி நீங்களும் காசைக் கொட்டிவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில்தான். இருந்தாலும் சின்ன ஸ்டூடியோ ஒன்றை வைத்துக்கொண்டு, பிலிம் போய் டிஜிட்டல் வந்த நாளில் முழி பிதுங்கிய உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஹட்டனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை. கணவர் படம் பிடிப்பார். அதைக் கொம்பியூட்டரில் திருத்தி அச்சடிப்பது என் வேலை. கலியாணம், பெண் பெரியவளானால் செய்யும் சாமத்தியச் சடங்கு எல்லாம் எப்போதாவதுதான் வரும். எங்களுக்குச் சோறு போட்டது அடையாள அட்டைப் படம். ஆமி செக்பொயிண்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அட்டையைக் காட்டவேண்டிய காலம் அது. அந்தப் படத்தில் முகம் மாறிப்போனால் ரோட்டில் நிற்கப்போவது நானல்ல, தேயிலைத் தோட்டத்துச் சனங்கள். இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

எல்லாம் செய்யும் சிடி

பெரிய ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் சொப்ட்வெயாரின் ஒரிஜினல் விலையை விசாரித்தோம். கடையையே விற்றாலும் கட்டாது. கணவர் கொழும்பு நடைபாதையில் அதன் கள்ளப் பிரதியை வாங்கி வந்தார். திறந்தால் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குறிகள், எல்லாம் ஆங்கிலம். எதைத் தொட்டால் எது அழியுமோ என்று பாதியிலேயே மூடிவிடுவேன். அது திறந்து முடிவதற்குள் தேத்தண்ணி போட்டு, குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது கொம்பியூட்டர் அப்படியே உறைந்துபோனது. கினிகத்தேனையிலிருந்து ரிப்பேர் செய்கிற சிங்களவரை வரவழைத்தோம். அவர் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சிடியைத் துடைத்து மரியாதையாக என் கையில் கொடுத்துச் சொன்னார்: “அக்கா, சிடி நல்ல சிடி. கொம்பியூட்டர்தான் வேற ஒண்ணு வாங்கணும்.”

கெமராவோடு சும்மா வந்தது

கெமரா பெட்டிக்குள் இன்னொரு சிடி இருந்தது. அதற்குத் தனியாகக் காசில்லை. பழைய கொம்பியூட்டரிலும் ஓடியது. படத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சிவந்த கண்ணைக் கறுப்பாக்கலாம். அவ்வளவுதான். என் அறிவுக்கு அது போதும். சனங்களுக்குப் போதவில்லை.

டயகமவிலிருந்து புதுசாகக் கலியாணம் முடித்த சோடி ஒன்று வந்தது. படத்துக்குப் பின்னால் கடல் போட்டுத் தரவேண்டும் என்றார்கள். “பின்னால் உள்ளதை இதில் மாற்ற முடியாதம்மா. ஜன்னல் பக்கம் நின்றால் மலை அழகாக விழும்” என்றேன். பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் எதிரே இருந்த இன்னொரு ஸ்டூடியோவைப் பார்த்தான். படியில் இறங்கும்போது அந்தப் பெண் திரும்பி, “லயத்து வீட்டு வாசல்ல நின்னாலே மலைதான்க்கா தெரியுது, அதுக்கு எதுக்கு உங்களுக்குக் காசு?” என்றாள்.

ஒரே பட்டன்

எதிர்க் கடைக்குப் போகும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து என் வயிறு எரிந்தது. கடைசியில் கையில் இருந்ததைக் கொடுத்து, பில்லோடு, நல்ல சிடியாக ஒன்று வாங்கினேன். நமக்குக் கட்டுப்படியாகும் விலை. கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஒரு பட்டனை அமுக்கினால் முகம் வெளுக்கும்; பரு, தேமல், சுருக்கம் எல்லாம் போகும். ஒரு மாதத்தில் கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. கலியாணப் படத்துக்கு அமுக்கிய பழக்கத்தில் அடையாள அட்டைப் படத்துக்கும் அமுக்கினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொன்னவர் ஒருவர்தான், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர். தன் அட்டைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “வடிவாத்தான் இருக்கிறார். ஆனா ஆர் இவர்?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காசை வைத்துவிட்டு, படத்தையும் மேசையிலேயே விட்டுவிட்டு, “தங்கச்சி, ஆமிக்காரன் கேட்டா நான் இந்த ஆளை எங்க போய்த் தேடுறது?” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

லெச்சுமி அக்கா

றொசல்லப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற லெச்சுமி அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் முதல் அடையாள அட்டை. மகள் வீட்டு வேலைக்கு சவூதி போகிறாள். கொழும்புக்குப் போய் வழியனுப்ப வேண்டும், அதற்காக எடுத்தது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அக்காவின் நெற்றிக்கு மேலே முடி தேய்ந்து, கறுத்த பள்ளமாக ஒரு கோடு. கன்னத்தில் பழைய தீக்காயம். நான் பட்டனை அமுக்கினேன். இரண்டும் போயிற்று. பத்து வயது குறைந்த ஒரு பொம்பிளை திரையில் வந்து நின்றாள். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்ததை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அட்டை வந்தது. மகள் புறப்படும் அன்று அக்கா கொழும்பு பஸ் ஏறியிருக்கிறார். செக்பொயிண்டில் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். யாருடைய அட்டை இது என்று சிங்களத்தில் கேட்டதற்கு அக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பஸ் போய்விட்டது. தோட்டத்துக்கு போன் பண்ணி விசாரித்து, விடுவதற்குப் பின்னேரமாகிவிட்டது. பிளேன் போய்விட்டது. மகள் இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவாள்.

அடுத்த நாள் அக்கா கடைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்து உள்ளே போகப் பார்த்தேன். அவர் அட்டையை மேசையில் வைத்தார். “அக்கா, சும்மா வேற படம் எடுத்துத் தாரேன்” என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. முந்தானையை விலக்கி நெற்றியைக் காட்டினார். “முப்பது வருஷமா கூடை தூக்குன தழும்பு தங்கச்சி. எத்தன எண்ணெ தேச்சும் போகல. ஒனக்கு யாரு சொன்னா இத எடுக்கச் சொல்லி?”

கண்ணாடி

அதன் பிறகு கடை வாசலில் ஆமி ஜீப் நின்றாலே நான் உள்ளே போய்விடுவேன். அட்டைப் படத்தை மாற்றியது யார் என்று கேட்டு வந்துவிடுவார்களோ என்று பயம். “அட்டைப் படத்துக்கு மட்டும் நீ பட்டனை அமுக்காதே, கலியாணப் படத்துக்காவது வைத்துக்கொள்வோம்” என்றார் கணவர். பழகிய விரலை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. சொப்ட்வெயாரையே அழித்துவிட்டு, சிடியை இரண்டாக உடைத்து அடுப்பில் போட்டேன். அந்த நாற்றம் போக இரண்டு நாள் ஆனது.

இப்போது கெமராவோடு சும்மா வந்ததுதான் ஓடுகிறது. வெட்டுவேன், வெளிச்சம் சரி பண்ணுவேன், அதற்கு மேல் கை வைக்கமாட்டேன். மேசையில் ஒரு முகக் கண்ணாடி வைத்திருக்கிறேன். அட்டைப் படம் எடுக்க வருகிறவர் ஒரு கையில் படம், ஒரு கையில் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு இன்னொரு பிரதியின் பின்னால் ‘இது நான்தான்’ என்று எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்க வேண்டும். அந்தப் பிரதிகளை பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி வைக்கிறேன். போன வாரம் ஒரு பெண் பெருவிரல் மையைத் துடைத்துக்கொண்டே, “இந்த மூஞ்சியப் பாக்கவா நான் பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்தேன்?” என்றாள்.

உங்கள் தேவையும் கையிலுள்ள காசும் எப்படியோ எனக்குத் தெரியாது; எனக்கோ, அந்தக் கடையில் படம் அழகாக வராது என்று ஊரெல்லாம் பரவியிருக்கிற கெட்ட பெயர்தான் இன்றைக்குப் பெரிய பாதுகாப்பு.